டிக்கிக்குள் சவரிமுத்து

வங்கி ஏலத்தில் எடுத்த பென்ஸ்.
வயது முப்பத்திரண்டு. ஈரச் சாம்பல் நிறம்.
சாவியைக் கொடுத்த மேனேஜர்
வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
ஆடிட்டர் அம்மாவுக்கு எதற்கு இது என்று
கேட்காமல் கேட்டார்.

முதல் வாரமே சத்தம்.
முப்பதுக்குக் கீழே கிடையாது, நாற்பதுக்கு மேலே கிடையாது.
நேர் ரோட்டில் கிடையவே கிடையாது.
கானாடுகாத்தானுக்குள் நுழைந்து
மூன்றாம் வீதி முனையில் இடப்பக்கம் ஒடித்தால்
பின்னால் எங்கோ ஒரு
டொடக்.

டொடக் என்பதும் சரியில்லை.
செக்காலை ரோட்டு ஒர்க்‌ஷாப்பில்
சவரிமுத்துவுக்கு அதைச் சொல்லிக் காட்ட அரைமணி நேரம்.
கடகட இல்லை. கிறீச் இல்லை.
முற்றிய தேங்காயைக் காதருகே ஆட்டினால்
உள்ளே கழன்ற கொப்பரை ஓட்டில் இடிக்குமே, அது.
ஆனால் தேங்காய் இரும்பு.

"ஒரு தடவையா ஆச்சி, ரெண்டு தடவையா?"
ஒன்றரை, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதிக்கொண்டார்: 1½.

அவர் பக்கத்தில் ஏறியதும்
ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல் இறங்கிய பிள்ளையாக
வண்டி வாயே திறக்கவில்லை.
இரண்டு நாள் அப்படி.
மூன்றாம் நாள் கேட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை.
"சத்தம் தகரத்துக்குள்ள ஓடும், மழைத்தண்ணி கணக்கா.
ஓட்டை ஒரு இடம், ஒழுகுறது வேற இடம்.
மெயின் ரோட்லயே போனீங்கன்னா
இந்தச் சத்தமே வராதே ஆச்சி?"

நான் பதில் சொல்லவில்லை.
ஸ்டெப்னியைக் கழற்றினார், ஜாக்கியை எடுத்தார்,
ஒரு போர்வையை நாலாக மடித்து விரித்து
டிக்கிக்குள் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.
இடப்பக்கம் என்றால் ஒரு தட்டு,
வலப்பக்கம் என்றால் இரண்டு.
"மூடுங்க."

கோட்டையூர் கேட் மூடியிருந்தது.
ரயில் வரும் நேரம் பார்த்து
டிக்கிக்குள் அவர் தும்மினார்.
பக்கத்து பைக்காரர் டிக்கியைப் பார்த்தார்,
பிறகு என்னை.
மெக்கானிக், என்றேன்.
தலையாட்டினார்.
நம்பர் பிளேட்டை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

பள்ளத்தூர் தாண்டி, வீதி முனை,
முப்பத்தைந்து, இடப்பக்கம்.
டொடக்.
உள்ளிருந்து ஒரு தட்டு.
சுற்றி வந்து மறுபடி ஒடித்தேன். ஒரு தட்டு.
மூன்றாம் சுற்றில் ஒரு தட்டு,
கொஞ்சம் தாமதித்து
கணக்கில் இல்லாத ஒரு சின்னத் தட்டு.

ஊருணிக் கரையில் நிறுத்தித் திறந்தேன்.
சட்டை பிழிந்தால் ஒரு செம்பு நிறையும்.
"இடது பின் ஸ்டெபிலைசர் லிங்க். முனைப் பந்து தேஞ்சு
கிண்ணத்துக்குள்ள ஆடுது.
ஜோடியா மாத்திரலாம்."
கடைசித் தட்டு?
பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.
"அது வண்டி இல்லை ஆச்சி.
லிங்க் இடிக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி
முன்சீட்லேர்ந்து ஒண்ணு வருது, 'ப்ச்'சுன்னு.
மூணு ரவுண்டும் வந்துச்சு.
இருட்டுல படுத்திருந்தா நல்லாக் கேக்குது."

அந்த முனையில் ஒரு வீடு.
கதவில் ஐந்து பூட்டு, பங்குக்கு ஒன்று.
என்னிடம் சாவி கிடையாது,
தீர்ப்பு நகல் இருக்கிறது, மேல்முறையீட்டு எண்ணும்.
இதை அவரிடம் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை. பில் போட்டார்:
லிங்க் ஒரு ஜோடி. புஷ் நான்கு. கூலி.
தும்மலுக்கு ஒன்றும் எழுதவில்லை.

புதன்கிழமை தனியாகப் போனேன்.
ஏசியை அணைத்து, கண்ணாடிகளை ஏற்றி,
முப்பத்தைந்தில்
இடப்பக்கம் ஒடித்தேன்.
டயருக்கடியில் சரளை நொறுங்குவது கேட்டது.
இண்டிகேட்டர் தானாக அணைந்தது கேட்டது.
பின்னால் எதுவுமே இல்லை.

ஒன்று போய்விட்டது.
அரை இருக்கிறது.